பக்கத்து வீட்டுத் தாத்தா கொடுத்த கிழங்கு

ரெண்டு வாரமா சாயங்காலம் ஆனா மண்வெட்டியும் கையுமா தோட்டத்துக் கோடியில போய் நிக்கறேன். கொஞ்ச நேரம் வேடிக்கை பாத்துட்டு மண்வெட்டியைத் திரும்பக் கொட்டகையில வச்சுட்டு வந்துடறேன். "ஒரு செடியைப் பிடுங்கறதுக்கு இத்தனை யோசனையா?"ன்னு தங்கமணி கேட்டாச்சு. ஒரு வரியில பதில் சொல்லத் தெரியலை. சரி, ஒரு பதிவாவே எழுதிடுவோம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமான பதிவு மக்களே, ஒரு காபியோட வந்து உக்காருங்க :-)

செடியோட பேர் க்ரோகோஸ்மியா. இங்க இங்கிலாந்துல வயசானவங்க யாரும் அப்படிச் சொல்றதில்லை, மான்ட்பிரீஷியான்னுதான் சொல்வாங்க. ரெண்டு பேருக்கும் பின்னால தனித்தனிக் கதை இருக்கு. அதுக்குத்தான் வரப்போறேன். அதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கொசுவத்தி.

நாரிச்ல இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் வசந்தத்துல, பக்கத்து வீட்டுத் தாத்தா மதில் சுவருக்கு மேல ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். உள்ள பாத்தா மண்ணும் நாருமா, சின்ன வெங்காயத்தைவிடக் கொஞ்சம் பெருசா, நிறைய கிழங்கு. "எங்க வச்சாலும் வரும். அப்புறம் நீ வேணாம்னாலும் வரும்"னு சொல்லிச் சிரிச்சார். அந்த ரெண்டாவது வாக்கியம் எனக்கு அப்ப புரியலை. இப்ப நல்லாவே புரியுது.

முதல்ல செடியைப் பத்தி. இலை வாள் மாதிரி நீளமா, விறைப்பா நிக்கும். கிளாடியோலஸ் பாத்திருப்பீங்களே, அதோட சொந்தக்காரி. குங்குமப்பூவும் இதே குடும்பம்தான். ஜூலை கடைசியில இலைக்கு நடுவுல இருந்து ஒரு தண்டு கிளம்பி, நுனியில வில் மாதிரி வளையும். அந்த வளைவுல ரெண்டு பக்கமும் மொட்டு அடுக்கடுக்கா உக்காந்திருக்கும். அடியில இருந்து நுனிவரைக்கும் ஒவ்வொண்ணா விரியும். நிறம்? நம்ம ஊர் வேலியில மழைக்காலத்துல செங்காந்தள் பூத்து நிக்குமே, அந்த நெருப்பு நிறத்தை நினைச்சுக்குங்க. மேகம் கவிஞ்ச இந்த ஊர் ஆகஸ்ட் மாசத்துல அப்படி ஒரு நிறத்தைப் பாக்கறப்ப மனசுக்குள்ள ஒரு பல்பு எரியும்.

மண்ணுக்குக் கீழ இருக்கறதுதான் அதைவிட சுவாரசியம். பள்ளிக்கூடத் தாவரவியல்ல 'கந்தம்'னு படிச்சிருப்போம், சேனைக்கிழங்கை உதாரணமா சொல்லுவாங்க. அதே வகைதான் இது, உருவத்துல மட்டும் குட்டி. ஒவ்வொரு வருஷமும் பழைய கிழங்கு மேலயே புதுக் கிழங்கு ஒண்ணு உருவாகும். பழசு அழுகிப் போகாம கீழயே இருக்கும். நாலஞ்சு வருஷம் கழிச்சுத் தோண்டிப் பாத்தா ருத்ராட்ச மாலை கோத்த மாதிரி ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா சரம் சரமா வரும். மேல இருக்கறது செத்தாலும் கீழ தூங்கிட்டு இருக்கற கிழவிக் கிழங்கு முளைச்சு வந்துடும். போதாக்குறைக்குப் பக்கவாட்டுலயும் வெள்ளையா ஓடுதண்டு விட்டு அங்கங்க புதுக் குடும்பம் ஆரம்பிக்கும். இந்த அமைப்பை ஞாபகம் வச்சுக்குங்க, கதையோட கடைசியில வேணும்.

வாசனையில வந்த பேர்

சொந்த ஊர் ஆப்பிரிக்கா. மொத்தமே பத்துக்கும் குறைவான இனங்கள்தான். பெரும்பாலானவை தென்னாப்பிரிக்காவோட கிழக்குப் பக்கத்துப் புல்வெளி, ஓடைக்கரை, காட்டோரம்னு வளருது. அங்க இதுக்குத் தேன்சிட்டும் பட்டாம்பூச்சியும் வாடிக்கையாளர்கள். ஜூலு மக்கள் இதுல ஒரு வகையோட கிழங்கை வயித்துக்கடுப்புக்குக் கஷாயம் வச்சிருக்காங்க. ஆனா 'கண்டுபிடிச்சவங்க' பட்டியல்ல அவங்க யார் பேரும் கிடையாது. அது வழக்கம்தானே.

கேப் டவுன்ல லுட்விக் பாப்பேன்னு ஒரு ஜெர்மன் டாக்டர் இருந்தார். வைத்தியம் போக மீதி நேரமெல்லாம் செடி. அவர் பேர் வச்ச பொன்னிறப் பூ ஒண்ணை, லண்டன் கியூ தோட்டத்தோட இயக்குநர் வில்லியம் ஹூக்கர் 1847ல படத்தோட பிரசுரிச்சார். அப்ப அதோட பேர் ட்ரிடோனியா அவுரியா. 'அவுரியா'ன்னா லத்தீன்ல பொன்.

1851ல ழூல் எமீல் பிளான்ஷோன்னு ஒரு பிரெஞ்சுத் தாவரவியலாளர், இது ட்ரிடோனியா இல்ல, தனிக் குடும்பம் வச்சுத் தரணும்னு சொல்லி க்ரோகோஸ்மியான்னு பேர் வச்சார். கிரேக்கத்துல 'க்ரோகோஸ்'னா குங்குமப்பூ, 'ஓஸ்மே'ன்னா வாசனை. காஞ்ச பூவை வெதுவெதுப்பான தண்ணியில போட்டா குங்குமப்பூ வாசனை வருமாம். (இந்த பிளான்ஷோன் சாதாரண ஆள் இல்ல. பிரான்ஸ் திராட்சைத் தோட்டம் எல்லாம் மர்மமா பட்டுப்போனப்ப, வேரைத் தோண்டிப் பாத்து அதுல இருந்த குட்டிப் பூச்சியைக் கண்டுபிடிச்ச மூணு பேர்ல ஒருத்தர். 1868ல நடந்தது அது.)

நான் சும்மா இருப்பேனா? போன வருஷம் பத்துப் பூவைக் காயவச்சு, டம்ளர்ல வெந்நீர் ஊத்திப் போட்டு மோந்து பாத்தேன். லேசா, ரொம்ப லேசா, பாயசத்துல குங்குமப்பூ போட்ட மாதிரி ஒரு வாசனை வந்துச்சு. தங்கமணி மோந்து பாத்துட்டு "வைக்கோல் வாசனை"ன்னாங்க. வரலாறு இப்படித்தான் சர்ச்சைக்குள்ளாகுது :-)

இருபது வயசுப் பையன்

இப்ப அடுத்த பேர். இது எனக்கு ரொம்ப நெருக்கமான கதை.

1798ல நெப்போலியன் எகிப்து மேல படையெடுத்தப்ப, சிப்பாய்களோட நூத்தம்பதுக்கும் மேல விஞ்ஞானிங்க, ஓவியருங்க, பொறியாளருங்கன்னு ஒரு கூட்டத்தையும் கப்பல்ல ஏத்திட்டுப் போனார். அந்தக் கூட்டத்துல மீசை முளைச்சும் முளைக்காத ஒரு பையன், எர்னஸ்ட் கோக்பேர் டி மாம்ப்ரே. தாவரவியல்ல ஆர்வம். நெப்போலியன் 1799லயே படையை விட்டுட்டு பாரிஸுக்குக் கிளம்பிட்டார். பையன் அங்கயே இருந்தான். 1801ல கெய்ரோவுல பிளேக். அதுல செத்துப் போனான். வயசு இருபதைச் சுத்தித்தான்.

ரெண்டு வருஷம் கழிச்சு, 1803ல, பெரிய தாவரவியலாளர் டி கண்டோல் ஒரு தென்னாப்பிரிக்கச் செடிக் கூட்டத்துக்கு அந்தப் பையன் ஞாபகமா 'மான்ட்பிரீஷியா'ன்னு பேர் வச்சார். பையன் தென்னாப்பிரிக்காவைப் பாத்ததில்லை. அந்தச் செடியையும் பாத்ததில்லை. ஆனாலும் பேராவது நிலைக்கட்டுமேன்னு ஒரு நல்ல மனசு.

நிலைச்சுதா? அங்கதான் விதி விளையாடுச்சு. தாவரப் பேர் வைக்கறதுல ஒரு கறாரான சட்டம், முதல்ல யார் பிரசுரிச்சாங்களோ அவங்க பேர்தான் செல்லும். டி கண்டோலுக்கு ஒரே ஒரு வருஷம் முன்னாடி, 1802ல, லண்டன்ல கெர் காலர்னு ஒருத்தர் அதே கூட்டத்துக்கு 'ட்ரிடோனியா'ன்னு பேர் வச்சு அச்சுல ஏத்திட்டார். ஆக மான்ட்பிரீஷியா செல்லாக்காசு. புத்தகத்துல அடைப்புக்குறிக்குள்ள போக வேண்டிய பேர்.

ஆனா தோட்டக்காரங்களுக்கு அந்தச் சட்டமெல்லாம் யாருக்குத் தெரியும்? அவங்க ஆரஞ்சுப் பூவை எல்லாம் மான்ட்பிரீஷியான்னே கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. அதுவும் டி கண்டோல் பேர் வச்ச செடியை இல்ல, அதோட பங்காளியான க்ரோகோஸ்மியாவை! ரெண்டு தடவை தப்பான இடத்துல ஒட்டின பேர். ஆனா அந்தத் தப்பாலதான் அந்தப் பையன் பேரை இன்னிக்கும் இங்கிலாந்துல பாட்டிங்க சொல்லிட்டு இருக்காங்க.

கண்ணு மங்கின கலப்பினக்காரர்

1870கள் வரைக்கும் இந்தப் பூ ஐரோப்பாவுல ஒரு கண்ணாடி வீட்டு அதிசயம்தான். அவுரியா அழகி, ஆனா குளிர் தாங்காது. 1877 வாக்குல ஸ்காட்லாந்துல எடின்பரோ பக்கத்துல இருந்த பாட்ஸ்ங்கறவர் தோட்டத்துல இருந்து இன்னொரு இனம் வெளிய வந்துச்சு. அவர் பேரையே வச்சு 'பாட்ஸியை'. பூ சின்னது, கவர்ச்சி கம்மி. ஆனா முரட்டு உடம்பு, பனியைப் பாத்து அசராது.

ஒண்ணுகிட்ட அழகு, ஒண்ணுகிட்ட உடல்பலம். கல்யாணத் தரகர் யாராவது வேணுமே? அவர்தான் விக்டர் லெமுவான்.

1823ல லொரேன் மாகாணத்துல டெல்ம்ங்கற ஊர்ல பொறந்தவர். நான்சி நகரத்துல நர்சரி வச்சிருந்தார். 1870ல பிரஷ்யப் படை வந்து நான்சியைப் பிடிச்சது. போர் முடிஞ்சு எல்லைக்கோடு போட்டப்ப அவர் பொறந்த ஊர் ஜெர்மனிக்குப் போயிடுச்சு, நர்சரி இருந்த ஊர் பிரான்ஸ்ல நின்னுச்சு. அந்தக் காலகட்டத்துலதான் அடுக்கு லைலாக் பூ உருவாக்கற வேலையை ஆரம்பிச்சார். அதுக்குள்ள கண்ணு மங்கிடுச்சு. அதனால அவர் மனைவி மாரி லூயிஸ் ஏணி மேல ஏறி, சின்னத் தூரிகையால மகரந்தம் தொட்டு வச்சாங்களாம். புத்தகத்துல பேர் என்னவோ 'லெமுவான்'னுதான் வரும். (ஏணி மேல ஏறினது யாருன்னு தங்கமணி இந்த இடத்துல அழுத்திக் கேட்டாங்க. பதிவு பண்ணிட்டேன்.)

அந்த லெமுவான் நர்சரியில அவுரியாவையும் பாட்ஸியையும் கலந்து, 1880ல முதல் பூ பூத்தது. ஒருத்தர் மாதிரி அழகு, இன்னொருத்தர் மாதிரி உரம். அந்தக் குழந்தைதான் 'க்ரோகோஸ்மியிஃப்ளோரா', இன்னிக்கு ஊரெல்லாம் தெரியற மான்ட்பிரீஷியா. தாத்தா எனக்குப் பையில போட்டுக் கொடுத்ததும் அதுதான். அதாவது, இந்தச் செடி ஆப்பிரிக்கக் காட்டுல எங்கயுமே இயற்கையா இருந்ததில்லை. ஒரு பிரெஞ்சு நர்சரியில, போர்ல தோத்து எழுந்துட்டு இருந்த ஒரு ஊர்ல பொறந்தது.

எங்க ஊர்ப் பெருமை

இந்த இடத்துல கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக்கறேன். ஏன்னா அடுத்த கட்டம் முழுக்க நான் குடியிருக்கற நார்ஃபோக்லதான்.

நாரிச்சுக்கு வடக்கே வெஸ்ட்விக் ஹவுஸ்னு ஒரு ஜமீன் பங்களா இருந்தது. அங்க தலைமைத் தோட்டக்காரர் ஜார்ஜ் டேவிசன். 19ஆம் நூற்றாண்டு முடியற சமயத்துல இருந்து இவர் மான்ட்பிரீஷியாவைக் கையில எடுத்தார். ஆரஞ்சுல இருந்து மஞ்சள், இளமஞ்சள், ஆப்ரிகாட்னு நிறம் விரிஞ்சது. பூவும் பெருசாச்சு. 'லேடி ஹாமில்டன்', 'ஸ்டார் ஆஃப் த ஈஸ்ட்' எல்லாம் இவர் கைவண்ணம். இதுல ஒரு மஞ்சள் பூவுக்கு 'ஜார்ஜ் டேவிசன்'னு அவர் பேரே வச்சாங்க. ஜமீன்தார் பேர் வைக்கறதுதான் அந்தக் காலத்து வழக்கம், தோட்டக்காரர் பேர் பூவுல நின்னது அபூர்வம். அவருக்கப்புறம் நாரிச் எர்ல்ஹாம் ஹால்ல சிட்னி மோரிஸ்னு ஒருத்தர் அந்த வேலையைத் தொடர்ந்தார். எர்ல்ஹாம் ஹால் இன்னிக்குக் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தோட ஒரு பகுதி.

ஆனா பெரும்பூவுக்கு ஒரு விலை இருந்தது. பல வகைகள் கடுங்குளிர் தாங்காது. ஒவ்வொரு வருஷமும் கிழங்கைத் தோண்டி, உள்ள வச்சுக் காப்பாத்தி, வசந்தத்துல திரும்ப நடணும். அதுக்கு ஆள் வேணும். 1914ல முதல் உலகப்போர் வந்தது, பங்களாத் தோட்டத்துப் பையன்கள் எல்லாம் சிப்பாயா போனாங்க. நிறைய பேர் திரும்பலை. போருக்கப்புறம் அந்த அளவுக்கு ஆள் வச்சுத் தோட்டம் பாக்கற காலமே முடிஞ்சு போச்சு. தோண்ட ஆளில்லாத கிழங்கு மண்ணுலயே உறைஞ்சு போச்சு. பேர் வச்ச நூத்துக்கணக்கான வகைகள்ல பெரும்பகுதி இப்படித்தான் காணாமப் போனது. சிலதை மட்டும் ரொம்ப வருஷம் கழிச்சுப் பழைய தோட்டத்து மூலையில இருந்து மீட்டெடுத்தாங்க. லெமுவான் காலத்து 'சோல்ஃபாடார்' இன்னிக்கும் கிடைக்குது. கருமை கலந்த இலையும் ஆப்ரிகாட் பூவுமா நிக்கும். 1880கள்ல பொறந்த பூ நம்ம தொட்டியில பூக்குதுன்னா ஒரு சிலிர்ப்புதான்.

கேனனும் தங்கச்சியும், அப்புறம் சாத்தானும்

'மசோனியோரம்'னு இன்னொரு ஆப்பிரிக்க இனம் இருக்கு. லத்தீன்ல 'ஓரம்'னு முடிஞ்சா பன்மை, அதாவது 'மேசன்களுடைய'. ஒருத்தர் இல்ல, ரெண்டு பேர். தென்னாப்பிரிக்கா டிரான்ஸ்கெய்ல உம்டாட்டாவுல பாதிரியார் கல்லூரி முதல்வரா இருந்த கேனன் எட்வர்ட் மேசன், அவரோட சகோதரி மரியான். இந்த மரியான் அம்மா 1885லயே இங்கிலாந்து அரசாங்கத்துல ஆய்வாளர் வேலைக்குப் போனவங்க. வளர்ப்பு வீடுகள்ல விடப்பட்ட ஆதரவற்ற குழந்தைங்களை நேர்ல போய்ப் பாத்து அறிக்கை எழுதற வேலை. பெண்களுக்கு அந்த மாதிரிப் பதவி கொடுக்காத காலம் அது. ஓய்வுக்கப்புறம் தென்னாப்பிரிக்கா போய்ப் பூக்களை வரைஞ்சாங்க, செடி சேகரிச்சாங்க. அந்தப் பன்மை விகுதியில அவங்க பங்கும் இருக்குங்கறதுல எனக்கு ஒரு சந்தோஷம்.

மசோனியோரம் பூ மேல பாத்து நிக்கும், அகல இலையில விசிறி மடிப்பு இருக்கும். இன்னொரு நெட்டை இனம் 'பேனிகுலேட்டா'. ஆதியில அதுக்கு ஆந்தோலைஸான்னு பேர். இங்கிலாந்துக்காரங்க வாயில நுழையாம 'ஆன்ட் எலைஸா'ன்னு ஆக்கிட்டாங்க, அதாவது எலைஸா அத்தை! நம்ம ஊர்ல ஹாமில்டன் வாராவதி அம்பட்டன் வாராவதி ஆன கதைதான் :-)

1960கள்ல இந்த ரெண்டையும் கலந்தது நார்ஃபோக் பிரெஸ்ஸிங்காம்ல நர்சரி வச்சிருந்த ஆலன் ப்ளூம். நீள முடி, காதுல வளையம், நீராவி எஞ்சின்னா உயிர், தோட்டத்துக்குப் பக்கத்துலயே நீராவி அருங்காட்சியகமே ஆரம்பிச்ச மனுஷர். 98 வயசு வரைக்கும் இருந்து 2005ல போனார். அவர் நர்சரியில பொறந்த செடிக்கு 'லூசிஃபர்'னு பேர். (மோகன்லால் படத்துக்கு அரை நூற்றாண்டு சீனியர்.) நாலடி உயரம், ரத்தச் சிவப்பு, குளிருக்கு அசராது. இன்னிக்கு உலகத்துல யாராவது க்ரோகோஸ்மியா வளக்கறாங்கன்னா முக்கால்வாசி அது லூசிஃபராத்தான் இருக்கும். என்கிட்டயும் இருக்கு, முன்பக்கப் பாத்தியில. எங்க வச்சேனோ அங்கயே மரியாதையா நிக்குது. பேர்தான் சாத்தான், குணம் தங்கம்.

பிரச்சனை தாத்தா கொடுத்ததுதான்.

வேலி தாண்டின கதை

மான்ட்பிரீஷியாவுக்கு ஈரமும் மிதமான குளிரும் ரொம்பப் பிடிக்கும். கார்ன்வால், வேல்ஸ், மேற்கு அயர்லாந்து எல்லாம் அப்படிப்பட்ட இடம். தோட்டத்துல கூட்டம் அதிகமாச்சுன்னு ஜனங்க தோண்டி வெளிய எறிஞ்ச கிழங்கு, வேலியோரமும் ஓடைக்கரையிலயும் குடியேறிடுச்சு. முன்னாடி சொன்னேனே, ருத்ராட்ச மாலை. அதுல ஒரு மணி உதிர்ந்து வெள்ளத்துல போனாலும் போற இடத்துல ஒரு காடு.

மேற்கு அயர்லாந்துல ஆகஸ்ட் மாசம் போனவங்களுக்குத் தெரியும், சாலையோரம் மைல் கணக்குல ஆரஞ்சா பூத்திருக்கும். ஐரிஷ் மொழியிலயே அதுக்கு 'சிவப்பு ஐரிஸ்'னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு பேர் இருக்கு. பலர் அது ஆதியில இருந்தே அந்த ஊர்ப் பூன்னு நினைச்சுட்டு இருக்காங்க.

இங்க ஒரு விஷயத்தைப் படிச்சப்ப எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. கெய்ரோவுல செத்த எர்னஸ்ட்டோட அப்பா, சார்ல் கோக்பேர் டி மாம்ப்ரே, பிரெஞ்சு அரசாங்கத்தோட தூதரக அதிகாரியா 1789ல இருந்து 1791 வரைக்கும் டப்ளின்ல இருந்தவர். சும்மா ஆபீஸ்ல உக்காரலை. அயர்லாந்து முழுக்கச் சுத்தி, மேற்குப் பக்கக் கிராமமெல்லாம் போய், ஜனங்க எப்படி வாழறாங்க, என்ன விளையுதுன்னு நோட்டு நோட்டா எழுதி வச்சார். அவர் நடந்த அந்தப் பாதையோரத்துல அப்ப இந்தப் பூ கிடையாது. அப்படி ஒரு பூவே உலகத்துல கிடையாது. பத்து வருஷம் கழிச்சுப் பையன் எகிப்துல போயிட்டான். அப்பா 1831 வரைக்கும் இருந்தார். ஒரு நூத்தாண்டு போனப்புறம், பையன் பேரைச் சுமந்த ஒரு பூ, அப்பா நடந்த நாட்டோட பாதையோரமெல்லாம் தானா வந்து பூக்க ஆரம்பிச்சது. யாரும் திட்டம் போடலை. யாரும் கவனிச்ச மாதிரியும் தெரியலை.

ஆனா அழகு ஒரு பக்கம், நியாயம் ஒரு பக்கம். அடர்த்தியா வளர்ற இடத்துல உள்ளூர்ச் செடி எதையும் விடாது. நியூசிலாந்துல இதை விக்கவோ பரப்பவோ கூடாது. இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் 1981ஆம் வருஷத்து வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டத்தோட ஒன்பதாவது அட்டவணையில 2010ல இதைச் சேத்தாங்க. வீட்டுத் தோட்டத்துல வச்சுக்கலாம், தப்பில்ல. காட்டுல நடறதோ பரவ விடறதோ குற்றம்.

எங்க தோட்டத்துக் கோடியில மரவேலி. வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு ஓடை.

போன மாசம் வேலிக்கு அடியில எட்டிப் பாத்தேன். அந்தப்பக்கம் ரெண்டு வாள் இலை நிக்குது.

சர்க்கரைக்கும் ஒரு சம்பந்தம்

முடிவைச் சொல்றதுக்கு முன்னாடி இன்னொரு சேதி. நம்ம ஆளுங்களுக்கு இது முக்கியம்.

கனடாவுல வான்கூவர் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துல ஒரு குழு, நாம சாப்பிடற மாவுச்சத்தை உடைக்கிற கணைய அமைலேஸ் நொதியைக் கட்டுப்படுத்தற பொருள் இயற்கையில எங்கயாவது இருக்கான்னு தேடினாங்க. 30,000 சாறுகளைச் சோதிச்சாங்க. 2008ல வெளியான முடிவுல முன்னணியில நின்னது மான்ட்பிரீஷியா கிழங்குல இருந்து எடுத்த 'மான்ட்பிரெட்டின் ஏ'. அந்த நொதி மெதுவா வேலை செஞ்சா, சோறு சர்க்கரையா மாறி ரத்தத்துல ஏறறதும் மெதுவாகும். கிழங்குல அது கொஞ்சமாத்தான் இருக்குங்கறதால, செடி அதை எப்படித் தயாரிக்குதுன்னு மரபணு வரைக்கும் போய், வேற செடியில தயாரிக்க முடியுமான்னு ஆராய்ச்சி போச்சு. எங்க அப்பா இருபது வருஷமா சர்க்கரை மாத்திரை போடறவர், போன்ல சொன்னதும் "அப்ப அந்தக் கிழங்கை ரெண்டு பார்சல் அனுப்பேன்"னார். யாரும் அப்படிக் கிளம்பிடாதீங்க சாமி! ஆய்வுக்கூடத்துல பிரிச்செடுத்த பொருள் வேற, கிழங்கு வேற.

அந்த எகிப்துப் பையன் பேர் இப்ப ஒரு வேதிப்பொருள் மேலயும் ஏறிடுச்சு, கவனிச்சீங்களா?

மண்வெட்டிக்கு வருவோம்

தாத்தா போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்துல தவறிட்டார். வீட்டை வித்தாச்சு. புதுசா வந்தவங்க நல்லவங்கதான், ஆனா தோட்டம் பூரா கல் பதிச்சு, கார் நிறுத்த இடம் பண்ணிட்டாங்க. அவர் வச்ச ரோஜா, லைலாக் எதுவும் இல்ல. அந்தப் பிளாஸ்டிக் பையில வந்த கிழங்கு மட்டும்தான் அவர் கை பட்டதுல மிச்சம். அதுவும் என் தோட்டத்துல. இப்பப் புரியுதா நான் ஏன் ரெண்டு வாரமா மண்வெட்டியோட நிக்கறேன்னு?

இந்தக் கதையெல்லாம் எழுதி முடிக்கறப்ப ஒண்ணு தெளிவாச்சு. டேவிசனோட பூக்கள் அழிஞ்சது வருஷா வருஷம் தோண்ட ஆளில்லாததால. மான்ட்பிரீஷியா வேலி தாண்டினதும் வருஷா வருஷம் தோண்ட ஆளில்லாததால. ரெண்டுக்கும் மருந்து ஒண்ணுதான், யாராவது ஒருத்தர் மண்வெட்டியை எடுக்கணும். தாத்தா மூணு வருஷத்துக்கு ஒருக்கா தோண்டிப் பிரிச்சார், அதனாலதான் எனக்குக் கிழங்கே கிடைச்சது. நான்தான் ஞாபகார்த்தம்னு பேர் சொல்லிச் சோம்பேறித்தனம் பண்ணிட்டேன்.

நேத்து ஞாயித்துக்கிழமை தோண்டியாச்சு. வேலிக்கு அந்தப்பக்கம் இருந்த ரெண்டையும் சேத்து, மண்ணைச் சலிச்சு, உதிர்ந்த மணி ஒண்ணுகூட விடாம. ரெண்டு பெரிய பை நிறைய வந்துச்சு. உரக்குழியில போட்டா முளைச்சு வந்துடும், அதனால வெயில்ல விரிச்சுச் சருகாக் காயவச்சுட்டு இருக்கேன். கொழுத்த கிழங்கா பன்னிரண்டு எடுத்து வீட்டு வாசல்ல ஒரு பெரிய மண்தொட்டியில வச்சுட்டேன். அங்க இருந்து ஓடைக்குப் போகணும்னா பஸ் பிடிச்சுத்தான் போகணும்.

நட நினைக்கறவங்களுக்கு: வசந்தத்துல, மூணு நாலு அங்குல ஆழத்துல, கிழங்குக்குக் கிழங்கு அரையடி இடைவெளி விட்டு, தண்ணி தேங்காத மண்ணுல, நல்லா வெயில் படற இடமாப் பாத்து நடுங்க. முதல் வருஷம் பூக்கலைன்னா கோவிச்சுக்காதீங்க. மூணு நாலு வருஷத்துக்கு ஒருக்கா தோண்டிப் பிரிங்க. மிஞ்சினதை மதிலுக்கு மேல நீட்ட நல்ல பக்கத்து வீட்டுக்காரர் அமையணும், அது உங்க அதிர்ஷ்டம்.

புதுசா வந்த பக்கத்து வீட்டம்மா வாசல்ல தொட்டியைப் பாத்துட்டு இன்னிக்குக் காலையில "இது என்ன செடி?"ன்னு கேட்டாங்க. க்ரோகோஸ்மியான்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். "மான்ட்பிரீஷியா"ன்னு வந்துச்சு.

டிஸ்கி: லூசிஃபர் கிழங்கு நாலு எக்ஸ்ட்ரா இருக்கு. இங்கிலாந்துல இருக்கற பதிவர்கள் யாராவது கேட்டா தபால்ல அனுப்பறேன். தாத்தா கிழங்கு யாருக்கும் கிடையாது, அது வம்பு :-)